ரதி வாதாடுவாள், லாரா வாய் திறக்கமாட்டாள்

"சேர், இந்தச் சொனெட்டுல இருக்கிற பொம்பளைக்கு வாயே இல்லையா? அவனே பேசுறான், அவனே அழுறான், அவனே கடைசில முடிச்சும் வைக்கிறான்."

கேட்டவள் உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் ஒரு பிள்ளை. பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பண்டாரவளைக்கு பஸ் ஏறி வருகிறவள். கையில் போட்டோகொப்பி, அதன் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துக் காதலைப் பற்றி நூறு புத்தகம் படித்தவரும் தொடவேண்டிய கேள்வியை, ஒரு பிளேன்டீ வருவதற்குள் கேட்டுவிட்டாள். கடைக்காரர் இரண்டு உளுந்து வடையையும் வைத்துவிட்டுப் போனதால், அவசரப்படாமல் சொல்ல முடிந்தது. அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சொனெட் என்பது பதினான்கு வரிப் பாட்டு. அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் இத்தாலியின் பெட்ரார்க். 1304இல் பிறந்தவர். 1327 ஏப்ரல் 6ஆம் தேதி, பிரான்சின் அவிஞ்ஞோன் நகரத்தில் ஒரு தேவாலயத்தில் லாரா என்ற பெண்ணைக் கண்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். சரியாக 21 வருடம் கழித்து, அதே ஏப்ரல் 6ஆம் தேதி, லாரா இறந்துபோனாள். அது 1348, ஐரோப்பாவைக் கொள்ளைநோய் அள்ளிக்கொண்டு போன வருடம். அவளை நினைத்தும் அவள் போன பிறகும் அவர் சேர்த்து வைத்த தொகுப்பில் 366 பாடல்கள். அவற்றில் பெரும்பாலானவை சொனெட்டுகள்.

அந்த 366ஐயும் புரட்டினால் பெட்ரார்க்கை நமக்கு நன்றாகத் தெரிந்துவிடும். எரிகிறார், உறைகிறார், தூக்கமில்லை, ஆற்றங்கரையில் தனியே திரிகிறார். லாராவைப் பற்றித் தெரிவது பொன்னிறக் கூந்தல், கண்கள், ஒரு கையுறை. உயிரோடு இருந்தவரை அவள் பேசியது மிகக் குறைவு. செத்த பிறகுதான் கனவில் வந்து ஆறுதலாக நாலு வார்த்தை சொல்கிறாள். பிள்ளை கேட்டது நியாயம்தான்.

ஆனால் அந்த ஊமைத்தனத்துக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காதல் கைகூடுவதற்காக எழுதப்பட்டது இல்லை. கைகூடிவிட்டால் பாட்டு நின்றுவிடும். அவள் எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும், இவர் கீழே நின்று உருகவேண்டும், உருகி உருகித் தன் மனத்தைத் தானே ஆராயவேண்டும். ஒரு மனிதன் தன் உள்ளத்தை இவ்வளவு நுணுக்கமாகத் துருவிப் பார்த்து எழுதியது அந்தக் காலத்துக்குப் புதிது. பிற்கால ஐரோப்பியக் கவிதைக்கு அது கொடுத்த கொடை பெரியது. அந்தக் கொடைக்கு விலையாகப் போனது லாராவின் குரல்.

பெட்ரார்க் இறந்து நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகே இந்தச் சரக்கு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர்கள் தோமஸ் வயட், சரே பிரபு என்ற இரண்டு அரசவைக்காரர்கள். சரே 1547இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் தலை வெட்டுண்டு செத்தவர். பிறகு முதலாம் எலிசபெத் 1558இல் அரியணை ஏறினார். மணமாகாத ஒரு ராணி. பதவி வேண்டும், நிலம் வேண்டும், மன்னிப்பு வேண்டும் என்றால் அந்தப் பெண்ணின் முகம் பார்க்கவேண்டும். அவைக்காரர்களின் பேச்சே காதல் பேச்சாக மாறியது. தோட்டத்தில் அந்தக் காலத்தில் துரைக்கு எழுதிய மனுக்களில் 'தங்கள் பாதங்களில் பணிந்து' என்று தொடங்கி, நடுவில் தன் துயரத்தை அடுக்கி, கடைசியில் விஷயத்தைக் கேட்பார்கள் அல்லவா? பல சொனெட்டுகளின் கட்டுமானமும் கிட்டத்தட்ட அதுதான். அதற்காக அந்தக் காதலை முழுப்பொய் என்று நான் சொல்லமாட்டேன். மனு எழுதுகிறவனுடைய பசி உண்மைதானே.

அந்த அவைக்காரர்களில் ஒருவரான பிலிப் சிட்னியின் சொனெட் தொடர் 1591இல், அவர் இறந்த பிறகு, அச்சானது. 108 சொனெட்டுகள், இடையிடையே சில இசைப்பாடல்கள். அதில் வரும் ஸ்டெல்லாவுக்குப் பின்னால் இருந்தவர் பெனலப்பி டெவரே என்ற உண்மையான சீமாட்டி என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். அவருக்கு 1581இல் ரிச் பிரபுவோடு கல்யாணம் ஆகிவிட்டது. மேட்டுக்குடிக் கல்யாணம் என்றால் அன்று நிலமும் பணமும் குலமும் பேசி முடிப்பது. காதல் என்பது அந்தப் பேரத்துக்கு வெளியே, காகிதத்தில் நடப்பது. ஸ்டெல்லா சில பாடல்களில் வாய் திறக்கிறாள். திறந்து, மாட்டேன் என்கிறாள். எட்மண்ட் ஸ்பென்சர் மட்டும் வழி மாறி, தான் உண்மையிலேயே கட்டிக்கொள்ளப்போகிற எலிசபெத் பொய்லுக்கே சொனெட் எழுதி, 1595இல் கல்யாணப் பாட்டோடு சேர்த்துப் புத்தகமாக்கினார். கடைசியில் கல்யாணத்தில் முடிகிற சொனெட் தொடர் அன்று அபூர்வம்.

இங்கே பிள்ளை ஒரு குறுக்குக் கேள்வி போட்டாள். "நம்ம அகப்பாட்டுலயும் இப்படித்தானே சேர், தலைவன் உருகுவான்?"

உருகுவான். மடலேறுவேன் என்று ஊரையே மிரட்டுவான். ஆனால் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், பரத்தைகூடப் பேசுவாள். பெயர் சொல்லக்கூடாது என்பது அகத்தின் விதி. பெயர் இல்லை, குரல் உண்டு. ஐரோப்பியச் சொனெட்டில் லாரா, ஸ்டெல்லா என்று பெயர் உண்டு, குரல் கிட்டத்தட்ட இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஷேக்ஸ்பியர் என்ன செய்தார் என்பது தானாகப் புரியும். புரியாவிட்டால் காமன் கூத்தை நினைத்துக்கொள் என்றேன். பிள்ளை சிரித்தாள்.

ஊவாத் தோட்டங்களில் காமன் கூத்தை அறியாதவர் குறைவு. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தப்போடும் பாட்டோடும் சேர்த்துக் கொண்டுவந்த கூத்து. மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் பொட்டலில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பது வழக்கம். கதை தெரிந்ததுதான். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள், நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான், ரதி புலம்புகிறாள், கடைசியில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிய அவன் உயிர்பெறுகிறான். தோட்டத்துக்குத் தோட்டம் பாட்டும் பாத்திரமும் கொஞ்சம் மாறும். எமன் வரும் இடமும் வீரபத்திரன் ஆவேசத்தோடு குதிக்கும் இடமும் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்தவை. பெரியவர்கள் காத்திருப்பது ரதி மதன் தர்க்கத்துக்கு.

அந்தத் தர்க்கத்தைக் கவனித்துப் பாருங்கள். முடி கட்டி, புஜக்கட்டை பூட்டி, கரும்பு வில்லோடு மதன் கிளம்புகிறான். ரதி மறிக்கிறாள். கெட்ட கனவு கண்டேன் என்கிறாள். தவத்தில் இருப்பவர் யார் என்று தெரியுமா, உன் அம்பு வெறும் பூ, அவர் கண் நெருப்பு என்கிறாள். அவன் வீரம் பேசுகிறான். அவள் ஒவ்வொன்றையும் உடைக்கிறாள். தப்புக்காரர் தாளத்தை மாற்றும்போது இருவரும் இடம் மாறி ஆடுகிறார்கள், மறுபடி வாதம். அவள் அழுது கெஞ்சவில்லை, காரணம் காட்டி வழக்குப் பேசுகிறாள். அவன் கேட்காமல் போகிறான். அவள் சொன்னபடியே நடக்கிறது. காதல் என்றால் இரண்டு பேரின் வாதம் என்பதை லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே பார்த்துவிடுகிறார்கள்.

இப்போது ரோமியோ ஜூலியட்டுக்கு வருவோம். நாடகம் 1590களின் நடுவில் எழுதப்பட்டது, 1597இல் முதல் அச்சு. நாடகம் தொடங்கும்போது ரோமியோ காதலிப்பது ஜூலியட்டை இல்லை, ரோசலின் என்ற பெண்ணை. அவள் மேடைக்கே வரமாட்டாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளை நினைத்து ரோமியோ பேசுவதெல்லாம் குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம் என்ற மாதிரி, பெட்ரார்க்கிடம் கடன் வாங்கிய முரண் அடுக்குகள். அவன் நண்பன் மெர்கியூஷியோ, பெட்ரார்க்கையும் லாராவையும் பெயர் சொல்லியே கேலி செய்கிறான். ஷேக்ஸ்பியர் சொனெட்டுக் காதலை மேடையோரத்தில் நிறுத்தி வைத்து, இதுதான் பழைய பாணி, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

பிறகு முதலாம் அங்கம், ஐந்தாம் காட்சி. விருந்து வீட்டில் ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதல் எதிரெதிரே நிற்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்வதை எண்ணினால் சரியாகப் பதினான்கு வரி. எதுகைகளும் பொருந்தும். அது ஒரு முழுச் சொனெட். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து கட்டிய சொனெட்.

போட்டோகொப்பியின் பின்புறத்தில் கோடு போட்டுக் காட்டினேன். முதல் நாலு வரி ரோமியோ. அவள் கையைத் தொட்டுவிட்டு, இது கோயில், என் உதடுகள் யாத்திரிகர்கள், தொட்ட குற்றத்தை முத்தத்தால் கழுவட்டுமா என்கிறான். பழைய சொனெட் என்றால் மீதிப் பத்து வரியையும் இவனே பேசியிருப்பான். இங்கே அடுத்த நாலு வரி ஜூலியட்டுக்கு. அவன் போட்ட கோயில் உவமையை அவள் தள்ளவில்லை, எடுத்துத் திருப்பிவிடுகிறாள். யாத்திரிகர் சிலையைக் கையால்தானே தொடுவார்கள், கையோடு கை சேர்ப்பதே அவர்கள் முத்தம், அது போதும் என்கிறாள். ஒன்பதாம் வரி அவன்: சிலைகளுக்கு உதடு இல்லையா? பத்தாம் வரி அவள்: இருக்கிறது, பிரார்த்தனை செய்வதற்கு. பதினொன்றும் பன்னிரண்டும் அவன், அப்படியானால் உதடுகளும் கைகளைப்போல் பிரார்த்திக்கட்டும் என்று. பதின்மூன்று அவள்: சிலை அசையாது, வேண்டினால் வரம் தரும். பதினான்கு அவன்: அசையாதே, வரத்தை எடுத்துக்கொள்கிறேன். முத்தம். உடனே இருவரும் அடுத்த சொனெட்டையே தொடங்குகிறார்கள். நாலு வரி ஓடுகிறது. அதற்குள் நீ புத்தகத்தில் உள்ளபடி முத்தமிடுகிறாய் என்று ஜூலியட் ஒரு குத்து விடுகிறாள். தாதி வந்து, அம்மா கூப்பிடுகிறார் என்று காரியத்தைக் கெடுக்கிறாள்.

லாரா சிலையாக இருந்தாள். ஜூலியட்டும் சிலை என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறாள், ஆனால் சிலை பேசிக்கொண்டே சொல்கிறது. இந்தக் குறும்பை ரசிக்காமல் அந்தக் காட்சியைப் பரீட்சைக்கு மனனம் செய்வது வீண்.

மாடக் காட்சியிலும் அவள்தான் காரியக்காரி. நிலவின் மேல் சத்தியம் செய்யப்போனவனை நிறுத்தி, அது தேய்ந்து வளர்கிற சாமான், அதன் மேல் சத்தியம் வேண்டாம் என்கிறாள். உன் நோக்கம் கல்யாணம் என்றால் நாளைக்கு ஆளனுப்புகிறேன், எங்கே எப்போது என்று சொல்லிவிடு என்கிறாள். பதினான்கு வயது நிரம்பாத பெண். கதை தொடங்கும்போது அவளுக்குப் பதின்மூன்றுதான் என்பதைப் படமாக எடுத்தவர்கள் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ரோசலிண்டை ஒரு வார்த்தையில் தாண்டிப் போகமுடியாது. 'விரும்பிய விதமே' என்று பம்மல் சம்பந்த முதலியார் தமிழாக்கிய, ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் நாயகி இவள். ரோமியோவின் ரோசலின் வேறு, இவள் வேறு. ஓர்லண்டோ என்ற இளைஞன் காட்டில் மரம் மரமாக இவள் மேல் கவிதை எழுதித் தொங்கவிடுகிறான், கவிதைகள் படுமோசம். இவள் ஆண் வேடத்தில் வந்து, உன் காதல் நோயைத் தீர்க்கிறேன், என்னையே ரோசலிண்ட் என்று நினைத்துப் பேசு என்கிறாள். பேசுகிறான். காதலுக்காகச் செத்தவர்கள் என்று சொல்லப்படும் பழங்கதை வீரர்களை வரிசையாக எடுத்து, ஒருவன் குளிக்கப்போய்த் தசை பிடித்துச் செத்தான், மற்றவன் தலையில் அடிபட்டுச் செத்தான், காதலால் எவனும் சாகவில்லை என்று தீர்த்துவிடுகிறாள். சொல்லிவிட்டு, அவன் அந்தப் பக்கம் போனதும், தோழியிடம் தன் காதலின் ஆழத்தை அளக்கவே முடியாது என்று புலம்புகிறாள். கேலியும் காதலும் ஒரே வாயில். பெட்ரார்க்கின் 366 பாடல்களில் இது கிடையாது.

இந்த நாயகிகளை லண்டன் மேடையில் ஆடியவர்கள் பையன்கள். இங்கிலாந்தின் பொதுமேடையில் பெண்கள் தொழில்முறையாக நடிக்கத் தொடங்கியது 1660இல்தான். காமன் கூத்திலும் ரதி கட்டுகிறவர் ஆண்தான். சேலை கட்டி, சவுரி வைத்து, காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுவார். லண்டன் பையனுக்கு அது பிழைப்பு, நம் ரதிக்கு அது நேர்த்தி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடக்கூடாது. குழந்தை வேண்டி வருபவர்கள் ரதி மதனை வணங்குவதுண்டு. ஜூலியட்டை யாரும் கும்பிட்டதில்லை.

வேறு ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. ஐரோப்பாவின் காமனான கியூப்பிட், கண் கட்டிய சிறுபிள்ளை. பொன் அம்பு பட்டால் காதல், ஈய அம்பு பட்டால் வெறுப்பு என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதி வைத்தார். ஷேக்ஸ்பியரின் 'மிட்சமர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் அவன் அம்பு குறி தவறி ஒரு பூவில் பாய்கிறது. அந்தப் பூச்சாறு கண்ணில் பட்டவர்கள் ஆள் மாற்றி ஆள் காதலிக்கிறார்கள், தேவதை ராணியே கழுதைத் தலையனிடம் மயங்குகிறாள். ஷேக்ஸ்பியரின் 1609ஆம் வருடத் தொகுப்பில் 154 சொனெட்டுகள். கடைசி இரண்டிலும் தூங்கும் கியூப்பிடின் தீப்பந்தத்தை ஒரு கன்னி தண்ணீரில் முக்குகிறாள். தீ அணைகிறது, ஆனால் தண்ணீர் சுடுநீர் ஊற்றாகிவிடுகிறது. அங்கே கியூப்பிட் தப்பித்துக்கொண்டே இருப்பான், காதலர்கள் சாவார்கள். நம் பொட்டலில் காதல் தெய்வமே எரிகிறது. அம்பு விட்டவனே விலை கொடுக்கிறான், அதையும் அவன் பெண்சாதி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள். என்னைக் கேட்டால், நியாயம் பொட்டலில்தான் கூடுதல்.

அதே 1609 தொகுப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முதல் 126 பாடல்கள் ஒரு இளைஞனை நோக்கியவை என்பது பெரும்பாலோர் ஒப்பும் வாசிப்பு. அதன் பின் வருபவை கறுத்த ஒரு பெண்ணைப் பற்றியவை. 130ஆம் பாட்டில், சூரியக் கண், பவள உதடு என்ற பழைய சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று தள்ளிவிட்டு, ஆனாலும் இவள் எவளுக்கும் குறைந்தவள் இல்லை என்று முடிக்கிறார். பிள்ளை கையில் இருந்ததும் அந்தப் பாட்டுதான். பொய்ப்புகழ்ச்சியைக் கிழிக்கிற பாட்டில்கூட அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவள் மறுபடியும் சொன்னாள். பேசவில்லைதான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் கொடுத்ததைச் சொனெட்டில் கொடுக்கவில்லை.

பெண்களே எழுதியதும் உண்டு. லியோன் நகரத்தில் கயிறு திரிப்பவரின் மகள் லூயிஸ் லாபே 1555இல் தன் சொனெட்டுகளை அச்சிட்டாள். சிட்னியின் தம்பி மகள் மேரி ரோத் 1621இல் ஒரு பெண்ணின் வாயால் ஒரு முழுத் தொடரையே எழுதினார். காதலன் ஒழுங்கில்லாதவன், அவள் காத்திருப்பாள். ரதியின் புலம்பலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் அந்நியமாக இராது.

இப்படி இரண்டு மரபையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிப்பது நான் கண்டுபிடித்த வேலை இல்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதினார். சிலப்பதிகார வழியில் நாடக உறுப்புகளைச் சொல்லி, எடுத்துக்காட்டியல் என்ற நடுப்பகுதியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை வைத்து விளக்கினார். அதில் ரோமியோ இரம்மியன், ஜூலியட் சுசீலை. எங்கள் நாட்டுத் தமிழறிஞர் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பு செய்ததை இன்றைய பாடசாலை நோட்ஸ்கள் கண்டுகொள்வதில்லை. சினிமாக்காரர்களும் சளைக்கவில்லை. 1937இல் வந்த 'அம்பிகாபதி'யை இயக்கியவர் தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் டங்கன். வசனம் எழுதிய இளங்கோவனிடம் ரோமியோ ஜூலியட்டைக் கொடுத்துக் காதல் காட்சிகளை அந்தப் போக்கில் எழுதவைத்தார்.

பிள்ளை வடையை முடித்துவிட்டு, "அப்ப பரீட்சைக்கு என்னா சேர் எழுதுறது?" என்று கேட்டாள். கேள்வித்தாளில் மறுமலர்ச்சிக் காலக் காதல் என்று வந்தால், யார் பேசுகிறார், யாருக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கிறது என்று முதலில் எழுது. பதினான்கு வரி, பத்து அசை, எட்டும் ஆறும், நாலு நாலு நாலு ரெண்டு என்பதையெல்லாம் அதற்குப் பிறகு எழுது. மார்க் போடுகிறவருக்கு அதுவும் வேண்டும்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஐந்தாம் காட்சியை ஒரே பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். இரண்டு பேரை எழுப்பி எதிரெதிரே நிறுத்துங்கள். தோட்டத்தில் ரதி மதன் தர்க்கம் தெரிந்த பையன் எவனாவது வகுப்பில் இருந்தால், அவனுக்கு ஜூலியட்டின் வரிகளைக் கொடுங்கள்.